இடப்பக்கம் காலியாகவே இருந்தது: எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டோடு நான் பட்ட பாடு

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். போன கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டுக்காக என் கைக்காசில் போனது 5,402 ரூபாய். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை அந்த நோட்டுகளைத் திருத்துவதற்காக வீட்டில் உட்கார்ந்த நேரம் ஏறத்தாழ 95 மணி. பதிலுக்குக் கிடைத்தவை காலாண்டுத் தேர்வில் சரிந்த மதிப்பெண், ஒரு தந்தையின் கோபம், ஆய்வுக்கு வந்த அதிகாரியின் கேள்விகள், பூச்சி அரித்த ஓர் அலமாரி. இத்தனைக்கும் பிறகு இந்த ஆண்டும் அதே நோட்டைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் வேறு விதமாக. ஜூன் மாதத்தில் யாராவது ஒருவர் என்னைப் பிடித்து நிறுத்தி நான்கு விஷயம் சொல்லியிருந்தால் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை நான். வீடு காட்பாடியில். தினமும் லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகப் பஸ். எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 41 பேர். பல ஆண்டுகளாக நானும் எல்லோரையும் போலத்தான் நோட்டு எழுத வைத்தேன். கரும்பலகையில் கேள்வி, அதன் கீழே விடை. பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், நான் சிவப்பு மையில் சரி போட்டுத் தேதியும் கையெழுத்தும் இடுவேன். மார்ஜின் போடவா டீச்சர், நீல மையா கறுப்பு மையா டீச்சர், ஒரு வரி விடவா டீச்சர் என்பவைதான் என் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் கேட்ட அறிவியல் கேள்விகள்.

இது உறுத்தத் தொடங்கியது விசையும் அழுத்தமும் பாடத்தில். ஒரு வகுப்பில் அவசரத்தில் அழுத்தத்தின் அலகை எழுதும்போது சதுர மீட்டரை விட்டுவிட்டு, நியூட்டன்/மீட்டர் என்று எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வேறொரு கேள்விக்காக ஒரு பெண்ணின் நோட்டைப் புரட்டியபோது அது கண்ணில் பட்டது. மற்ற நோட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். 41 நோட்டிலும் அதே பிழை. அதைவிடக் கேவலம், 41 நோட்டிலும் அந்தப் பிழைக்கு மேல் என் சிவப்புச் சரி. எழுதியவர்களும் படிக்கவில்லை, திருத்தியவளும் படிக்கவில்லை. அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெட்கப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கோடை விடுமுறையில் வேலூர் வெயில் கதவைத் திறக்கவிடாத மதியங்களில், வெளிநாட்டு ஆசிரியர்கள் வைத்திருக்கும் அறிவியல் நோட்டுகளைப் பற்றிய காணொளிகளைப் பார்த்தேன். திறந்து வைத்த நோட்டின் வலப்பக்கம் ஆசிரியர் தருவது: விளக்கம், வரையறை, படம். இடப்பக்கம் மாணவர் தருவது: தன் சொல், தன் கேள்வி, தன் படம், தன் சந்தேகம். கேட்பதற்கு எளிது. வண்ணக் காகிதம், மடித்துத் திறக்கும் சிறு கதவுகள், ஒட்டுப் படங்கள் என்று அந்த நோட்டுகள் கல்யாணப் பத்திரிகை போல இருந்தன. நான் மயங்கியது கருத்திலா, காகிதத்திலா என்று இப்போது கேட்டால், பாதி காகிதத்தில்தான்.

வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு மொத்தக் கடையில் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கோடு போட்ட நோட்டு ஒன்று 42 ரூபாய். 82 நோட்டுக்கு 3,444. படங்களை நகலெடுக்க அந்தப் பருவம் முழுவதும் 1,148. கத்தரிக்கோல், பசை, வண்ணப் பென்சில் 810. அரசு கொடுக்கும் விலையில்லா நோட்டு இருக்கும்போது இதை ஏன் வாங்கினேன் என்று தலைமை ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. கோடு போட்ட நோட்டிலும் இடப்பக்கம் இடப்பக்கம்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. செய்ய நினைப்பவர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இது: முதல் மூன்று மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். கையில் இருக்கும் நோட்டிலேயே, ஒரே பிரிவில், ஒரே பாடத்தில் செய்து பாருங்கள். காசு போட்டுவிட்டால் தவறு என்று தெரிந்த பிறகும் நிறுத்த மனம் வராது. எனக்கு வரவில்லை.

ஜூனில் நோட்டு கொடுத்த அன்று பிள்ளைகளுக்குத் தீபாவளி. புது நோட்டின் வாசனையை முகர்ந்துகொண்டே இருந்தார்கள். முதல் பாடம் முடிந்ததும், "வலப்பக்கம் நான் சொன்னது. இடப்பக்கம் உங்களுடையது. மனதில் பட்டதை எழுதுங்கள்" என்றேன். நாற்பது நிமிட வகுப்பில் மிச்சமிருந்த பன்னிரண்டு நிமிடமும் 41 பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "இடப்பக்கத்துக்கு என்ன எழுத வேண்டும் என்று போர்டில் எழுதிவிடுங்கள் டீச்சர்" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான். ஏழு ஆண்டுகளாகப் பள்ளிக்கூடம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

சரி, ஒரு மாதிரி காட்டுவோம் என்று, ஆணி ஏன் கூர்மையாக இருக்கிறது என்று ஒரு கேள்வி எழுதி, பக்கத்தில் ஓர் ஆணியும் வரைந்தேன். மறுநாள் 82 நோட்டின் இடப்பக்கத்திலும் ஆணி. என் ஆணி கொஞ்சம் சாய்ந்திருந்தது. 82 ஆணியும் அதே பக்கம் சாய்ந்திருந்தன. அன்று சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மாதிரி காட்டுவதாக இருந்தால் நடத்திக்கொண்டிருக்கும் பாடத்திலிருந்து காட்டக் கூடாது, முடிந்துபோன வேறு பாடத்திலிருந்து காட்ட வேண்டும், காட்டிய பிறகு அழித்துவிட வேண்டும். ஒன்று காட்டினால் அதுவே விடையாகிவிடும். ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு மூன்றைச் சேர்த்துக் காட்டினால்தான், ஒரே விடை என்று ஒன்று இல்லை என்பது அவர்களுக்குப் புரிகிறது.

எழுத வராதவர்களை ஒட்ட வைக்கலாம் என்று ஜூலையில் படங்களுக்குப் போனேன். அதுதான் பெரிய பள்ளம். ஒரு வகுப்பில் ஐந்து கத்தரிக்கோல், 41 கைகள். வெட்டுவது, ஒட்டுவது, சிந்திய பசையைத் துடைப்பது, யார் கத்தரிக்கோல் யாரிடம் என்ற பஞ்சாயத்து எல்லாம் முடிய 18 நிமிடம். ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். வாரத்துக்கு மூன்று நாள் இப்படிப் போனால் பாடம் எங்கே நடத்துவது? அதோடு இன்னொன்றும் கவனித்தேன். நகலெடுத்த கண் படத்தை ஒட்டியவர்களிடம் ஒரு வாரம் கழித்து விழித்திரை எங்கே என்று கேட்டால் நோட்டைத் தேடினார்கள். கோணல்மாணலாகக் கையால் வரைந்த சிலர் நோட்டைப் பார்க்காமலே சொன்னார்கள். பசை படத்தைத் தாளில் நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

திருத்தும் கதைக்கு வருகிறேன். நோட்டு ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 82 நோட்டுக்கு 410 நிமிடம், ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வெள்ளிக்கிழமை மாலை ஒரு பிரிவு நோட்டுகளை இரண்டு கட்டைப்பைகளில் அடைத்துப் பஸ்ஸில் கொண்டுபோவேன். ஒரு முறை நடத்துனர் பைகளைப் பார்த்து, "என்ன டீச்சர், கடை வைக்கப்போகிறீர்களா?" என்றார். கே.வி.குப்பம் நிறுத்தத்தில் ஒரு பையின் பிடி அறுந்து நோட்டுகள் படிக்கட்டில் கொட்டியது தனிக் கதை. சனி, ஞாயிறு முழுவதும் தரையில் நோட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருப்பேன். என் மகள் தன் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டால், இரு வருகிறேன் என்பேன், வரமாட்டேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

இவ்வளவு திருத்தியும் பயன் என்ன? பிள்ளைகள் திங்கட்கிழமை நோட்டைத் திறந்து சிவப்பு மை எத்தனை இடத்தில் என்று எண்ணிப் பார்த்துவிட்டு மூடினார்கள். இடப்பக்கத்தில் யாராவது தப்பித்தவறிச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் அதில் ர, ற பிழையைச் சுழித்து வைத்தேன். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை சொந்தமாக எழுதவில்லை, புத்தகத்தைப் பார்த்து எழுதியது. நானே வாயை அடைத்துவிட்டு, ஏன் பேசவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலாண்டுத் தேர்வு வந்தது. ஒரு பிரிவில் 41 பேரில் 17 பேர் 35க்குக் கீழே. அதற்கு முந்தைய ஆண்டு இதே தேர்வில் ஒன்பது பேர். அந்த வாரமே ஆய்வு. வந்த அதிகாரி பத்து நோட்டுகளைப் புரட்டிவிட்டு, பக்கங்கள் ஏன் காலியாக இருக்கின்றன, எழுதிய இடத்தில் வினா விடை ஏன் இல்லை என்று கேட்டார். இடப்பக்கம், வலப்பக்கம் என்று விளக்க ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. தலைமை ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கேட்டதைவிட அந்தத் தந்தை கேட்டதுதான் தைத்தது. லுங்கித் தறி ஓட்டுபவர். மகனின் நோட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உட்காருங்கள் அண்ணா என்றேன், உட்காரவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். நோட்டில் வரிசையாக எழுத்து இருந்தால், சிவப்பில் சரி இருந்தால், பையன் படிக்கிறான் என்று தெரிந்துகொள்வேன். தறியில் ஓர் இழை அறுந்தால் துணியைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இந்த நோட்டைப் பார்த்து நான் எதைத் தெரிந்துகொள்வது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நோட்டு ஆசிரியருக்கும் மாணவனுக்கும் நடுவில் மட்டும் இருக்கும் பொருள் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் அது கடிதம். இந்த மாதிரி மாற்றம் செய்பவர்கள் ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே நோட்டைத் திறந்து காட்டி, இந்தப் பக்கம் தேர்வுக்கு, இந்தப் பக்கம் பிள்ளையின் யோசனைக்கு என்று விளக்கிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். அன்று முதல் வலப்பக்கத்தில் வினா விடையை மறுபடி கொண்டுவந்தேன். தோற்றுவிட்டதாக அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தேர்வு எழுதப்போவது அந்தப் பிள்ளைகள், என் கொள்கை இல்லை.

அக்டோபரில் மனம் விட்டுப்போனது. நோட்டுகளை வகுப்பு அலமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். ஆனால் வகுப்பில் ஒட்டுவதை முழுதாக நிறுத்தவில்லை. கடைப் பசைக்குக் காசு இல்லாமல், வீட்டில் மைதாவைக் காய்ச்சி டப்பாவில் கொண்டுபோனேன். வடகிழக்குப் பருவமழையில் அலமாரிக்குப் பின்னால் சுவர் ஊறியது. அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் அலமாரியைத் திறந்தால், உள்ளே கரப்பான்கள் ஓடின. நோட்டுகளுக்குள் வெள்ளி நிறத்தில் இராமபாணப் பூச்சிகள். பாதிக்கு மேற்பட்ட நோட்டுகளில் தாள்கள் சல்லடையாகியிருந்தன. ஆறு மாத உழைப்பு. நாற்காலியில் உட்கார்ந்து பேசாமல் இருந்தேன். பிள்ளைகள் அவரவர் நோட்டை எடுத்துக்கொண்டு போய், தட்டி உதறி, பூச்சியை விரட்டிக் கொஞ்ச நேரம் கூச்சல். பிறகு ஒரு மூலையில் மட்டும் அமைதி. ஒருத்தி ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கத்தில், தேதிகூடப் போடாமல் இப்படி இருந்தது: "ஜூலையில் ஒட்டிய படத்தைப் பூச்சி தின்னவில்லை. நவம்பரில் ஒட்டிய படத்தை மட்டும் தின்றிருக்கிறது. வெறும் தாளையும் அவ்வளவாகத் தின்னவில்லை. அது தாளைத் தின்ன வந்ததா, பசையைத் தின்ன வந்ததா?" ஜூலைப் பசை கடையில் வாங்கியது, நவம்பர்ப் பசை மைதா. அவளுக்கு அது தெரியாது. ஏழு மாதம் கழித்து என் வகுப்பில் முதல் இடப்பக்கம் எழுதப்பட்டிருந்தது, நான் எழுதச் சொல்லாமல்.

அடுத்த மூன்று வாரம் பாடத்திட்டத்தைக் கொஞ்சம் ஓரம் தள்ளினேன். முதலில் அயோடின். சோற்றுக் கஞ்சியில் ஒரு சொட்டு, மைதா பசையில் ஒரு சொட்டு, இரண்டும் கருநீலமாயின. ஆக இரண்டிலும் இருப்பது மாவுச்சத்து. பூச்சிக்கு அதுதான் விருந்து. பிறகு நான்கு துண்டுத் தாள்கள்: ஒன்றில் மைதா பசை, ஒன்றில் கடைப் பசை, ஒன்றில் மைதாவோடு வேப்பிலைச் சாறு, ஒன்று வெறும் தாள். நான்கையும் அதே அலமாரியில் வைப்பதற்கு முன், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், ஏன் என்று இடப்பக்கத்தில் எழுதச் சொன்னேன். பேனாவால் மட்டும். அழிப்பான் கூடாது. வேப்பிலை போட்டதைப் பூச்சி தொடாது என்று பெரும்பாலானவர்கள் எழுதினார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வேப்பிலைத் தாளும் ஓரத்தில் அரிக்கப்பட்டிருந்தது. ஒரு பையன் தன் பழைய வாக்கியத்தின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, "நான் நினைத்தது நடக்கவில்லை. பாட்டியிடம் கேட்க வேண்டும்" என்று கீழே எழுதினான். அந்தக் கோட்டை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. (வேலூரில் புத்தகம் கட்டுபவர் ஒருவரிடம் கேட்டதற்கு, பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்றார். உண்மைதான், ஆனால் அது விஷம். சத்துணவு சாப்பிடும் கைகளில் அது படவே கூடாது. காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் மைதாவையும் மயில்துத்தத்தையும் ஒருசேர மறந்துவிடுங்கள்.)

அதற்குப் பிறகு என் முறைகள் மாறின. நோட்டில் பக்க எண் போட வைத்தேன், முதல் இரண்டு பக்கம் பொருளடக்கத்துக்கு. இதற்கு மைக்கேல் ஃபாரடேயைத் துணைக்கு அழைத்தேன். கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் கற்றவர். தன் சோதனைக் குறிப்புகளுக்கு வரிசை எண் போட்டு 16,000ஐத் தாண்டியவர் என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். டார்வின் 1837இல் தன் குறிப்பேட்டில் கிறுக்கிய கிளைமரத்தைப் போர்டில் வரைந்து, அதன் மேலே அவர் எழுதியது "நான் நினைக்கிறேன்" என்ற பொருள் தரும் இரண்டே சொற்கள் என்றும் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் இடப்பக்கம் "நான் நினைக்கிறேன்" என்றுதான் தொடங்குகிறது. வெற்றுத்தாளைப் பார்த்து மிரண்டவர்களுக்கு அந்த இரண்டு சொல் பெரிய கைப்பிடி. மோர்தானா அணை நிரம்பி வழியும்போது பார்க்கப் போகிற பிள்ளைகள் இவர்கள். அணைச் சுவர் அடியில் ஏன் அவ்வளவு அகலம் என்று ஒருவன் கேட்டு, ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்று தானே எழுதினான். பாலாற்று ஓரத்துப் பெண் ஒருத்தி, மேலே காய்ந்த மணல், கைமுழம் தோண்டினால் ஈரம், வெயில் ஏன் அங்கே போகவில்லை என்று எழுதினாள். கைடில் இல்லாத கேள்வி. எனக்கும் யோசிக்க ஒரு நாள் பிடித்தது.

திருத்துவதில்தான் பெரிய விடுதலை. நோட்டு வீட்டுக்கு வருவதில்லை. ஒரு நாளைக்கு எட்டு நோட்டு, பிள்ளைகள் எழுதும்போதே பெஞ்சுக்குப் பெஞ்சு நகர்ந்து, அன்று எழுதிய பக்கத்தை மட்டும் பார்க்கிறேன். வலப்பக்கத்தில் சிவப்பு மை உண்டு, அதுவும் கவனமாக. அந்த நியூட்டன்/மீட்டரை மறக்கவில்லை. இடப்பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும். எழுத்துப் பிழையைச் சுழிப்பதில்லை. அதே சொல்லைச் சரியாக எழுதி என் கேள்விக்குள் வைத்துவிடுகிறேன், கண்ணுள்ளவர்கள் கண்டுகொள்கிறார்கள். ஒட்டுவது மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் தாளைவிடச் சிறியதாக வீட்டிலேயே வெட்டிக் கொண்டுவர வேண்டும். நோட்டு பிள்ளையின் பையில் இருக்கும், அலமாரியில் இல்லை. தொலைந்தால் தொலையட்டும். இரண்டு தொலைந்தன.

ஆண்டுத் தேர்வில் அதே பிரிவில் 35க்குக் கீழே வந்தவர்கள் பத்துப் பேர். பழைய கணக்குக்குத் திரும்பியிருந்தோம், அவ்வளவே. தேர்வுத்தாளில் யாரும் "நான் நினைக்கிறேன்" என்று கேட்பதில்லை. தறிக்கார அண்ணன் ஏப்ரலில் வந்தபோது மகனே இடப்பக்கத்தைப் படித்துக் காட்டினான். முழுதும் கேட்டுவிட்டு, "வேப்பிலை ஏன் தோற்றது?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, மழை முடிந்ததும் மறுபடி செய்து பார்க்கப்போகிறோம் என்றேன்.

இந்த ஆண்டு எட்டாம் வகுப்போடு ஒன்பதாம் வகுப்புக்கும் இதைக் கொண்டுபோயிருக்கிறேன், விலையில்லா நோட்டிலேயே. செலவு இதுவரை ஒரு பசைக் குப்பி. பத்தாம் வகுப்பும் எனக்குத்தான். அங்கே எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்ற கணக்கு தலைக்கு மேல் தொங்குவதால் இடப்பக்கத்தைத் திறக்க இன்னும் துணிவு வரவில்லை. அங்கே பழைய வினா விடைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்த மாதத்தில் தொடங்கினீர்கள், எந்த மாதத்தில் நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள்.